பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
மூன்றாம் டிவிஷன் குழாயை அறுத்துப் பார்ப்பேன்.
இரண்டு அங்குலக் குழாய்.
உள்ளே தண்ணீருக்கு மிஞ்சிய வழி
என் சுண்டுவிரல் அளவு.
மற்றதெல்லாம் வளையம் வளையமாக வெள்ளை.
"தண்ணி சுத்தமாத்தானே வருது" என்பார் கிராணி பரஞ்சோதி,
டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
சுத்தம்தான்.
அதுதான் இந்தத் தண்ணீரின் சூது.

நத்தையின் பேரை ஆற்றுக்கு வைத்து
ஆற்றின் பேரை ஊருக்கு வைத்த சுங்கை சிப்புட்.
டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டர் வந்தால்
செம்பனை முடிகிற இடத்தில்
சட்டென்று எழுந்து நிற்கும் சுண்ணாம்பு மலை.
மழை அதன் தலையில் விழுந்து
இலைமக்கில் இறங்கும்போது
வேரும் புழுவும் விட்ட மூச்சை வாங்கிக்கொள்கிறது.
லேசாகப் புளித்துப்போகிறது.
நாக்குக்குத் தெரியாத புளிப்பு;
கல்லுக்குத் தெரியும்.
விரிசல் விரிசலாக இருட்டில் நடந்து
ஒரு மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக
மடியில் கட்டிக்கொண்டு
ஊற்றுவாயில் வெளியே வருகிறது,
ஒன்றுமே அறியாத முகத்தோடு.

வந்ததும் அந்த மூச்சு போய்விடுகிறது,
சோடா புட்டியைத் திறந்தாற்போல.
அதற்குமேல் சுமக்க முடியாது.
முதலில் எதிர்ப்பட்டதன் மேல் இறக்கி வைக்கிறது:
பாசி, பெரணி, பழைய ரப்பர் மரத்து இலை,
யாரோ எறிந்த மைலோ டின்,
ஒரு பிள்ளையின் ஒற்றைச் சிலிப்பர்.
மூச்சில் மிச்சமிருப்பதைப் பாசி உறிஞ்சிக்கொள்ள,
அதன் கால் இன்னும் சீக்கிரம் கல்லாகிறது.
அடி கல், நுனி பச்சை.
நுனி ஏற ஏற
பின்னாலேயே ஏறி வருகிறது கல்.

இப்படித்தான் அந்த விளிம்பு
வருஷா வருஷம் முன்னால் நீண்டு,
தண்ணீர் தள்ளித் தள்ளி விழுந்து,
பின்னால் ஓர் ஆள் குனிந்து நுழையும் இடம் உண்டானது.
குகை என்றால் குடைந்தது என்றிருந்தேன்.
இதை யாரும் குடையவில்லை.
முன்னால் ஒரு சுவர் வளர்ந்தது,
அவ்வளவுதான்.

சுஹார்டி மழைக்கு அங்கேதான் ஒதுங்குவான்.
லொம்போக்கிலிருந்து வந்தவன்.
பம்ப் வீட்டில் என்னோடு இரண்டு வருஷம்.
கேட்காமல் எடுத்ததெல்லாம் என் சிகரெட் மட்டும்.
பதினாலாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போன அன்று
திருடினான் என்று நான் சொல்லவில்லை.
"கடைசியா அவன்தான் இருந்தான்" என்றேன்.
உண்மைதானே. டம்ளரில் பிடித்துப் பார்க்கலாம்,
அவ்வளவு தெளிவு.
அதன் மேல் மண்டோர் ஒரு வார்த்தை.
பசியாறும் கடையில் யாரோ ஒரு வார்த்தை.
முந்தின வருஷம் தொலைந்த கம்பிச் சுருளும்
தீபாவளிக்கு முந்தின நாள் போன கோழியும்கூட
அவன் பேரில் வந்து ஒட்டிக்கொண்டன.
சம்பளத்தில் நாற்பத்தைந்து ரிங்கிட் பிடித்தார்கள்.
அடுத்த மாதம் ஆள் இல்லை.
எங்கே போனான் என்று
நானும் கேட்கவில்லை.

இன்று வால்வை மூடிவிட்டு
இலை அள்ள உள்ளே குனிந்தேன்.
விளிம்பில் நீளமாக ஏதோ,
இரண்டு முனையும் பருத்து.
எலும்பு என்றுதான் நினைத்தேன்.
தட்டினால் உள்ளே இரும்பு பேசுகிறது.
ஒரு சில்லு பெயர்ந்தது.
ஒன்று. நான்கு.
துருகூட ஏறவில்லை.

நான்தான் வைத்தேன்.
இலை அள்ள அன்றும்
இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பெயர்ந்த சில்லின் ஓரத்தில் கோடுகள்:
மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.
எட்டு வரை எண்ணினேன்.
ஒவ்வொன்றும் தாளைவிட மெல்லிசு.
எதையும் தனியாகப் பிடித்து
இதுதான் கல் என்று சொல்ல முடியாது.

லயத்தில் தண்ணீர் இல்லையென்று போன் அடித்துக்கொண்டே இருந்தது.
வால்வைத் திறந்துவிட்டு
ஆபீசுக்கு நடந்தேன், சட்டை நனைந்தபடி.
"கெடச்சிருச்சு" என்றேன் கிராணியிடம்.

"எது?" என்றார்.